பின்பக்கத்துப் பாதை

என் சித்தப்பா மகன் தரைப்படையில் கேப்டன். சென்ற ஆண்டு பொங்கலுக்கு இருபது நாள் லீவில் காட்பாடிக்கு வந்திருந்தான். நானும் பெங்களூரிலிருந்து லேப்டாப்பும் கையுமாகப் போய்ச் சேர்ந்தேன். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மாடிக்குப் போனால், வெயிலில் பாய் விரித்து உட்கார்ந்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட தடித்த நோட்ஸ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தான். பதவி உயர்வுத் தேர்வாம். அதில் ராணுவ வரலாறு ஒரு தாள். கையில் இருந்தது பர்மாப் போர் பற்றிய குறிப்புகள். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் ஹைலைட்டர்.

"எந்த டிவிஷன் எந்தத் தேதியில எந்த ஆத்தைத் தாண்டுச்சுன்னு மனப்பாடம் பண்ணணும்ணா. தெரிஞ்சு நான் என்ன பண்ணப்போறேன்? தலைக்கு மேல ட்ரோன் வந்து நிக்குது. நான் கோவேறு கழுதைக்கு எத்தனை கிலோ பாரம் ஏத்தலாம்னு படிச்சிட்டிருக்கேன்."

பெரியப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மெட்ராஸ் சாப்பர்ஸில் சுபேதாராக ஓய்வு பெற்றவர். 1962 போருக்குப் பிறகு ராணுவம் அவசர அவசரமாக ஆள் எடுத்தபோது, 63-இல், பதினெட்டு வயதில் சேர்ந்தவர். ஒன்றும் சொல்லவில்லை. "கழுதைக்கு எழுபது கிலோ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடலையைத் தொடர்ந்தார். அவர் நினைவிலிருந்து சொன்னாரா, சும்மா சொன்னாரா தெரியாது.

எனக்கும் முதலில் தம்பி பக்கம்தான் மனம் போனது. நான் பொறியியல் படித்ததே அப்படிப்பட்ட நோட்ஸ்களை வைத்துத்தான். நான்கு வருடம் மனப்பாடம் செய்ததில் நாலு சூத்திரம்கூட இன்று நினைவில் இல்லை. ஆனால் அவனுடைய அடுத்த போஸ்டிங் அருணாசலப் பிரதேசத்தில் என்று சித்தி முந்தின இரவு சொல்லியிருந்தாள். அதனால் அந்தப் பேச்சைச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. அன்று அவனிடம் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் கோவையாக எழுதிப் பார்க்கிறேன். துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன் ராணுவ அதிகாரிகள் என்ன படிக்க வேண்டும் என்று எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். இந்த வாசிப்புக்குள் நான் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த நிறுவனம் ஒன்றில் பணப் பரிமாற்றச் சேவையைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆன்-கால் முறை என்னுடையது. பதினொரு மணிக்கு டேட்டாபேஸ் திணற ஆரம்பித்தது. பதில் வரத் தாமதமானதும் ஒவ்வொரு சர்வரும் திரும்பத் திரும்பக் கேட்டது. கேட்கக் கேட்க நெரிசல் கூடியது. நான் பதறிப்போய் எல்லா சர்வர்களையும் ஒரே சமயத்தில் ரீஸ்டார்ட் செய்தேன். அவற்றின் நினைவில் இருந்த கேஷ் முழுக்கக் காலியானது. அதுவரை டேட்டாபேஸை எட்டாமல் பாதி வழியிலேயே பதில் கிடைத்துக்கொண்டிருந்த கேள்விகளும் இப்போது அதன் தலையிலேயே விழுந்தன. நான்கு மணி நேரம் யாருக்கும் பணம் போகவில்லை.

எங்கள் தொழிலில் இப்படி ஒன்று நடந்தால் பிறகு உட்கார்ந்து அலசி ஓர் ஆவணம் எழுதுவோம். அதற்குப் பெயரே போஸ்ட்மார்ட்டம். திங்கட்கிழமை அதை எழுதும்போது, பழைய ஆவணங்களில் இதுபோல ஏதாவது உண்டா என்று தேடினேன். இருந்தது. இரண்டே முக்கால் வருடத்துக்கு முன்பு இதே டேட்டாபேஸ், இதே நெரிசல், இதே ரீஸ்டார்ட். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் செய்யக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எழுதிய இருவரும் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. கூட்டத்தில் கலந்துகொண்டவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது. கீழே 'நல்ல அலசல்' என்று நானே ஒரு குறிப்பும் எழுதியிருந்தேன்.

அந்தக் குறிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அந்த அறையில் இருந்தவன். அனுபவம் உள்ளவன் என்றுதான் என்னை ஆன்-காலில் போட்டார்கள். என்னிடம் இருந்தது 'ஒருமுறை இப்படி ஆச்சு, சமாளிச்சோம்' என்ற மங்கலான தைரியம் மட்டும்தான். தோற்றுப்போகிற அமைப்புகள் பற்றிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். விமான விபத்து அறிக்கைகள், அணு உலை, பிறகு போர்கள். அந்த வரிசையில் கைக்கு வந்தது வில்லியம் ஸ்லிம் 1956-இல் எழுதிய 'டிஃபீட் இன்டு விக்டரி'. தம்பியின் மஞ்சள் ஹைலைட்டருக்குக் கீழே நசுங்கிக்கிடந்த அதே பர்மா.

*

1942-இல் பர்மாவில் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு நடந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: முன்னால் வந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் சாலை அடைபட்டது. நம் படை லாரிகளை நம்பியது. லாரி சாலையை நம்பியது. ஜப்பானியர்கள் ஒரு பிரிவை முன்னால் நிறுத்திச் சண்டை கொடுப்பார்கள். இன்னொரு பிரிவு, நம்மவர்கள் நுழையவே முடியாது என்று நினைத்த காட்டுக்குள் புகுந்து, சுற்றி வந்து, பின்னால் பத்து மைலில் மரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டு இயந்திரத் துப்பாக்கியுடன் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான். முன்னால் இருக்கும் பட்டாலியன் தோற்காமலேயே பின்வாங்கும். பின்வாங்கும்போது சிதறும்.

பிப்ரவரி 23 அன்று சிட்டாங் ஆற்றுப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது 17-வது டிவிஷனின் பெரும்பகுதி இன்னும் எதிர்க்கரையில்தான் இருந்தது. மார்ச் 7 அன்று ரங்கூனைக் கைவிட்டு வடக்கே போன மொத்தப் படையும், தளபதி அலெக்சாண்டர் உட்பட, டௌக்யான் என்ற இடத்தில் இப்படி ஒரு சாலைத் தடையில் மாட்டிக்கொண்டது. உடைக்கப் பார்த்து முடியவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் தடையைக் காணோம். ரங்கூனை மேற்கிலிருந்து பிடிக்கப் போன தன் முக்கியப் படை சாலையைக் கடக்கும்வரை பாதுகாக்கத்தான் அந்த ஜப்பானியப் பிரிவு அங்கே உட்கார்ந்திருந்தது. வேலை முடிந்ததும் எழுந்து போய்விட்டது. காலி செய்யப்படும் ஊரைப் பிடிக்கும் அவசரத்தில், கைக்குள் வந்த தளபதியையே அவர்கள் விட்டுவிட்டார்கள். ராணுவ வரலாறு படிப்பதில் இப்படிச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இடங்கள் நிறைய உண்டு.

அந்த மார்ச் மாதம்தான் ஸ்லிம் வந்து பர்மா கோரின் பொறுப்பை ஏற்றார். அதாவது தோல்வியின் நடுவில். மே மாதம், மழை தொடங்கும்போது, கந்தலும் மலேரியாவுமாகப் படை இம்பாலுக்கு வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் ராணுவ வரலாற்றிலேயே மிக நீண்ட பின்வாங்கல் அது. அதே வழிகளில் ராணுவத்தோடும் ராணுவம் இல்லாமலும் நடந்து வந்தவர்களில் பர்மாத் தமிழர்களும் உண்டு. அது தனிக் கதை.

பிறகு ஸ்லிம் செய்ததுதான் எனக்கு முக்கியம். ராஞ்சியில் தன் படையை வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று முதலில் தனக்கே ஒழுங்காகச் சொல்லிக்கொண்டார். புத்தகத்தில் தன் தவறுகளைப் பட்டியலிடும் இடங்களில் அவருக்குக் கூச்சமே இல்லை. காடு இருவருக்கும் பொது என்று எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார். சமையல்காரர், குமாஸ்தா, மருத்துவப் பிரிவு யாராக இருந்தாலும் தன் இடத்தைத் தானே காக்க வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் மேல், பின்னால் ஜப்பானியன் வந்துவிட்டால் சூழப்பட்டவன் அவன்தான், நீ இல்லை என்று நினைக்கப் பழக்கினார். இது வெறும் வீரப்பேச்சாக முடியாமல் இருக்க ஒரு பொறியியல் வேலையும் நடந்தது. சூழப்பட்ட இடத்துக்கு விமானத்திலிருந்து அரிசியும் குண்டும் போடும் ஏற்பாடு. ஜப்பானியன் குறைந்த உணவோடு துணிந்து வருகிறான், சில நாள் அவனை நிறுத்திவைத்தால் அவனே வறண்டுபோவான் என்ற விஷயத்தை, அவர்களோடு ஏற்கெனவே மோதியிருந்த சீனத் தளபதி ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாகவும் எழுதுகிறார். அடுத்தவன் பட்ட அடியிலிருந்து கற்றது.

1944 பிப்ரவரியில் அரக்கானில் அதற்குப் பரீட்சை வந்தது. ஜப்பானியர்கள் அதே பழைய வித்தையைக் காட்டினார்கள். சுற்றி வந்து 7-வது டிவிஷனின் தலைமையகத்தையே சூறையாடினார்கள். ஆனால் இம்முறை யாரும் பின்வாங்கவில்லை. சிறு மைதானம் போன்ற ஓர் இடத்தில் கிடங்கும் கழுதைகளும் ஆஸ்பத்திரியும் குமாஸ்தாக்களுமாக வட்டம் கட்டி உட்கார்ந்தார்கள். 'அட்மின் பாக்ஸ்' என்று வரலாற்றில் அதற்குப் பெயர். டகோட்டா விமானங்கள் தினமும் வந்து போட்டுவிட்டுப் போயின. மூன்று வாரத்துக்குள் பட்டினியில் திரும்பியவர்கள் ஜப்பானியர்கள். அடுத்த மாதமே இம்பாலையும் கோஹிமாவையும் வளைத்தார்கள். நான்கு மாதம் நடந்த அந்தச் சண்டையில் ஜப்பானியத் தரப்பில் 50,000-க்கும் மேற்பட்டோர் மாண்டோ காயம்பட்டோ நோயுற்றோ போனார்கள். பலரைக் கொன்றது குண்டு அல்ல, பசி.

தம்பி இதையெல்லாம் ஏற்கெனவே படித்திருந்தான். "தெரியும்ணா. 'லெசன்ஸ் லேர்ன்ட்'னு கடைசியில எட்டு பாயிண்ட் இருக்கு" என்றான்.

"சரி. அதுல ரெண்டாவது பாயிண்ட், சூழப்பட்டா இடத்தை விட்டு ஓடாதேன்னு. இருக்கா?"

"இருக்கு."

"பதினெட்டு வருஷம் கழிச்சு அதே பாயிண்ட்ல மாட்டினது எந்த ஆர்மி?"

பெரியப்பா கடலை உரிப்பதை நிறுத்தினார்.

*

1962 அக்டோபர் 20 அன்று நம்கா சூ ஆற்றங்கரையில் பிரிகேடியர் தால்வியின் 7-வது பிரிகேட் சிதைந்தது. அந்தக் கதை பலருக்கும் தெரியும். பருத்திச் சட்டை, கைக்கெண்ணிய தோட்டா, டில்லியிலிருந்து வந்த கட்டளை. சிறைப்பட்டு மீண்ட தால்வியே அதை 'ஹிமாலயன் பிளண்டர்' என்று 1969-இல் எழுதியிருக்கிறார். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அடுத்த மாதம் நடந்தது. தவாங் போன பிறகு நம் படை சே லா கணவாயில் நின்றது. பதின்மூன்றாயிரம் அடிக்கு மேல் உயரம். நேராக ஏறிவந்து பிடிப்பது மிகக் கடினம். 62-வது பிரிகேட், ஐந்து பட்டாலியன்கள், பிரிகேடியர் ஹோஷியார் சிங். நம்கா சூவோடு ஒப்பிட்டால் உணவும் குண்டும் கையிருப்பில் இருந்தன. மூன்று வாரத்துக்கும் மேல் அவகாசமும் கிடைத்தது. பின்னால் டிராங்கில் டிவிஷன் தலைமையகம், அதற்கும் பின்னால் பொம்டிலாவில் இன்னொரு பிரிகேட். எல்லாவற்றையும் கோத்தது ஒரே ஒரு மலைச்சாலை.

சீனர்கள் கணவாயை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே, கிழக்கே மலைகளைச் சுற்றிப் போஷிங் லா வழியாக இறங்கித் தெம்பாங் பக்கம் வந்து அந்தச் சாலையை அறுத்தார்கள். அந்த வழிக்கு பெய்லி பாதை என்று பெயர். எஃப்.எம். பெய்லி என்ற பிரிட்டிஷ் அதிகாரியும் மோர்ஸ்ஹெட் என்ற நில அளவையாளரும் 1913-இல் நடந்து பார்த்த வழி. பெய்லி அந்தப் பயணத்தைப் புத்தகமாகவே எழுதினார். 'நோ பாஸ்போர்ட் டு திபெத்', 1957. போருக்கு ஐந்து வருடம் முன்பு, காசு கொடுத்தால் கடையில் கிடைத்த புத்தகம்.

பாதை இருப்பது நம்மவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பெரிய படை அதில் வராது என்று கணித்திருந்தார்கள். 1942-இல் காட்டைப் பற்றி இருந்த அதே கணிப்பு. போஷிங் லாவில் ஒரு கம்பெனி மட்டும் நின்றது, அது அடித்துப்போகப்பட்டது. சாலை அறுபட்ட செய்தி வந்ததும் டிவிஷன் தளபதி பதானியா பின்வாங்க அனுமதி கேட்டார். நவம்பர் 17. கோர் தளபதி கௌல் வாலோங் பக்கம் போயிருந்தார். தேஜ்பூரில் இருந்த ராணுவத் தலைமைத் தளபதி தாப்பரும் கிழக்குப் பிராந்தியத் தளபதி எல்.பி. சென்னும் தாங்களாக ஒரு முடிவைச் சொல்லவில்லை. கௌல் மாலையில் திரும்பி வந்து ஒரு கட்டளை, பிறகு அதை மாற்றி இன்னொன்று. அன்றிரவு சே லாவிலிருந்து பின்வாங்கத் தொடங்கிய படை வழியெங்கும் சுடப்பட்டுச் சிதறியது. ஹோஷியார் சிங்கும் கொல்லப்பட்டார். 18-ஆம் தேதி பொம்டிலாவும் போனது. தப்பியவர்களில் பலர் பூட்டான் வழியாக நாள்கணக்கில் நடந்து வந்தார்கள். நின்று சண்டையிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அந்த உயரத்தில், அந்தப் பனியில், விமானத்தில் சாமான் போடுவது அரக்கான் மாதிரி இல்லை. ஆனால் பின்வாங்கினால் என்ன ஆகும் என்பது 1942-லேயே பார்த்து, எழுதி, அச்சடித்து வைக்கப்பட்டிருந்தது.

இங்கேதான் என் பழைய போஸ்ட்மார்ட்டத்தின் கலந்துகொண்டோர் பட்டியல் ஞாபகம் வருகிறது. 1945 ஜனவரியில், அரக்கான் கரையோரம் பின்வாங்கிக்கொண்டிருந்த ஜப்பானியர்களின் சாலையை அறுப்பதற்காக, பிரிட்டிஷ் இந்தியப் படை கடல்வழியாக வந்து காங்காவ் என்ற ஊரில் இறங்கியது. கடுமையான சண்டை. அங்கே போரிட்ட 51-வது பிரிகேடின் மூன்று பட்டாலியன்களுக்கும் இந்தியர்களே தளபதிகள். அந்த நாளில் அது அபூர்வம். மூவருக்கும் டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. திம்மய்யா, தோரட், எல்.பி. சென்.

திம்மய்யா 1957-இலிருந்து 61 வரை தலைமைத் தளபதி. தோரட் கிழக்குப் பிராந்தியத் தளபதியாக இருந்தபோது, 1960-இல், சீனா வந்தால் நேஃபாவில் என்ன நடக்கும் என்று லக்னோவில் 'லால் கிலா' என்ற பெயரில் ஒரு பயிற்சி நடத்திப் பார்த்தார். நம் காவல்நிலைகள் எவ்வளவு வேகமாக விழும் என்று அதில் காட்டினார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் ஓய்வுபெற்றுப் போனார். அந்த நாற்காலிக்கு வந்தவர் சென். எதிரியின் பின்பக்கச் சாலையை அறுத்தால் எதிரி என்ன ஆவான் என்பதைத் தன் கண்ணால் பார்த்த மனிதர், 62 நவம்பரில் தேஜ்பூரில் உட்கார்ந்து அந்தத் தொலைபேசியின் அருகில் இருந்தார்.

சென்னைக் குற்றம் சொல்வது என் நோக்கம் இல்லை. தைரியசாலி, 1947-48 காஷ்மீர் போரிலும் பெயர் வாங்கியவர். அன்று தேஜ்பூரில் அவருக்கு மேலே தலைமைத் தளபதி, அவருக்கும் மேலே அமைச்சர், பிரதமர், நாளிதழ்கள் என்று எத்தனை பாரம் என்பதும் தெரிந்ததே. ஆனால் 'நேரில் பார்த்தவனுக்கு எதற்குப் புத்தகம்' என்று சொல்கிறவர்களை அதற்குப் பிறகு என்னால் நம்ப முடியவில்லை. நேரில் பார்த்தவன் தன் மூலையிலிருந்து பார்த்ததை மட்டும் வைத்திருக்கிறான். 45-இல் ஜெயிக்கிற பக்கம் இருந்தவனுக்கு, அறுபட்ட சாலையின் அந்தப்புறம் இருப்பவனுக்கு வயிற்றில் என்ன நடக்கும் என்பது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதை 42-இல் இருந்தவன் எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். சேவைக்காலம் முழுவதிலும் ஓர் அதிகாரி பெரிய போரைப் பார்ப்பது ஒருமுறை, பலருக்கு அதுவும் இல்லை. டாக்டர் தினமும் நோயாளியைப் பார்க்கிறார், நான் மாதத்துக்கு இரண்டு முறையாவது சர்வர் விழுவதைப் பார்க்கிறேன். ராணுவ அதிகாரியின் தொழிலில் மட்டும், பரீட்சை வரும் நாள் வரை பாடம் முழுக்க இரவல்தான்.

கொரியாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1950 நவம்பரில் அமெரிக்கர்களைச் சீனர்கள் இதே முறையில்தான் மடக்கினார்கள். இரவில் மலைமேல் சுற்றிவந்து பள்ளத்தாக்குச் சாலையை அடைப்பது. நமக்கு அங்கே கண்கள் இருந்தன. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் நம் பாராசூட் கள மருத்துவப் பிரிவு அந்தப் பின்வாங்கலில் கூடவே இருந்தது. திம்மய்யாவும் தோரட்டும்கூட போர்க்கைதிகள் விவகாரத்துக்காக 1953-இல் கொரியாவுக்குப் போனவர்கள்தான்.

*

தம்பி லேசில் விடுகிறவன் இல்லை. "அப்ப வரலாறு படிச்சா ஜெயிச்சிடலாமா?" என்று கேட்டான்.

இம்பாலை வளைத்த ஜப்பானியத் தளபதி முதாகுச்சி வரலாறு படித்தவர்தான். செங்கிஸ்கானின் படை மந்தைகளை ஓட்டிக்கொண்டு போனது, அந்த மந்தையே நடமாடும் உணவாக இருந்தது என்று எங்கோ மனதில் பதிந்திருக்கிறது. மூன்று வாரச் சாப்பாட்டோடு படையை அனுப்பி, மீதிக்கு ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிப் போகச் சொன்னார். செங்கிஸ்கானுக்கு இருந்தது புல்வெளி. இங்கே சிந்த்வின் ஆறும் செங்குத்தான காட்டுமலையும். மாடுகள் ஆற்றிலும் சரிவிலும் செத்தன. பின்னாலேயே மனிதர்கள்.

ஆங்கிலேய வரலாற்றாசிரியர் மைக்கேல் ஹோவர்ட் இதைப் பற்றித்தான் 1961 அக்டோபரில் லண்டனில் ஓர் உரை நிகழ்த்தினார். தானே இத்தாலியில் போரிட்டு மிலிட்டரி கிராஸ் வாங்கியவர். வரலாறு தவறாகப் பயன்படுவது எப்படி என்று அதில் நிறையப் பேசுகிறார். படைப்பிரிவுகள் தங்கள் பெருமைக்காகச் சொல்லிக்கொள்ளும் கதைகளுக்கு ஓர் உபயோகம் உண்டு, ஆனால் அது வரலாறு ஆகாது என்கிறார். ராணுவ அதிகாரி படிக்க வேண்டியதற்கு மூன்று நிபந்தனைகள் வைக்கிறார். நீண்ட காலத்தைப் பரவலாகப் படிக்க வேண்டும், எது மாறியது எது மாறவில்லை என்று தெரிய. ஒரே ஒரு போரை எடுத்து நினைவுக்குறிப்பு, கடிதம், நாட்குறிப்பு வரை தோண்டிப் படிக்க வேண்டும், ஒழுங்கான கதைக்குள் இருக்கும் குழப்பம் தெரிய. அந்தச் சண்டை நடந்த சமூகம், அரசியல், பொருளாதாரம் எல்லாவற்றோடும் வைத்துப் படிக்க வேண்டும். முதாகுச்சி மூன்றாவதில் தவறினார். தம்பியின் ஸ்பைரல் நோட்ஸ் இரண்டாவதில் தவறுகிறது. எட்டு பாயிண்ட்டுக்குள் யாரும் பயப்படுவதில்லை, யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை, எந்தத் தொலைபேசியும் பதில் இல்லாமல் அடிப்பதில்லை.

ட்ரோனைப் பற்றியும் கேட்டான். 2022 மார்ச்சில் கீவ் நகருக்கு வடக்கே 60 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலையிலேயே சிக்கி நின்ற ரஷ்ய வாகன வரிசையை நாம் எல்லோரும் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தோம். பார்ப்பதற்கு ட்ரோன் உண்டு, செயற்கைக்கோள் உண்டு. சாலையை நம்பிய லாரியும் இருந்தது. அவன் பதில் சொல்லவில்லை. ஹைலைட்டரின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "சரிண்ணா, தோண்டிப் படிக்கணும். எங்க இருக்கு?"

உண்மைதான். தோல்விக்குப் பிறகு 1963-இல் லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் விசாரித்து அறிக்கை கொடுத்தார்கள். பகத் விக்டோரியா கிராஸ் வாங்கிய சாப்பர். பெரியப்பா அவர் பெயரை எடுத்தாலே நிமிர்ந்து உட்காருவார். அந்த அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. 2014-இல் நெவில் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் தன்னிடமிருந்த ஒரு பகுதியை இணையத்தில் போட்டதால்தான் கொஞ்சமாவது தெரியும். பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு 1992-இல் எழுதி முடித்த 62 போர் வரலாறும் முறையாக அச்சில் வரவில்லை. அதுவும் கசிந்துதான் வந்தது. போர் ஆவணங்களை 25 ஆண்டுகளில் திறக்க வேண்டும் என்று 2021-இல் ஒரு கொள்கை வந்திருக்கிறது. திறக்கட்டும்.

எங்கள் நிறுவனத்தில் அந்தப் பழைய ஆவணம் பூட்டப்படவில்லை. தேடினால் கிடைக்கும் இடத்தில் இருந்தும் நான் படிக்கவில்லை. பூட்டியே வைத்திருக்கும் வீட்டில், பிள்ளைகள் ஸ்பைரல் நோட்ஸ் படிப்பதைக் கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றியது.

அப்போதுதான் பெரியப்பா பேசினார். அவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"அறுபத்தெட்டுல நாங்க டிராங் பக்கம் ரோடு வேலைல இருந்தோம். எங்க ஹவில்தார் ஒருத்தர், அறுபத்திரண்டுல அங்க இருந்தவர். பூட்டான் வழியா நடந்து வந்தவரு. பதினேழு நாளோ என்னமோ. அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டாரு. நாங்க கேட்டா, போய் மம்பட்டியை எடுடான்னுவாரு. ஆனா டெய்லி ராத்திரி, எல்லாரும் படுத்தப்புறம், டார்ச் இல்லாம கேம்ப்புக்குப் பின்பக்கமா போய் நிப்பாரு. ரொம்ப நேரம். ஒருநாள் நான் ஒண்ணுக்குப் போக எழுந்தப்போ கேட்டேன், என்ன ஹவில்தார் பாக்குறீங்கன்னு. சும்மான்னாரு."

"அப்புறம்?" என்றான் தம்பி.

"அப்புறம் என்ன. பென்ஷன்ல போயிட்டாரு."

மூவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கீழேயிருந்து சித்தி சாப்பிடக் கூப்பிட்டாள்.

தம்பி பரீட்சையில் தேறிவிட்டான். ராணுவ வரலாற்றுத் தாளில் மார்க் சுமார்தானாம். கிழக்கே போகும்போது என் ஸ்லிமையும், நான் பழைய புத்தகக்கடையில் தேடிப் பிடித்த தால்வியையும் எடுத்துக்கொண்டு போனான். திருப்பித் தருவான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அக்டோபரில் ஒருநாள் இரவு போன் செய்தான். சிக்னல் விட்டு விட்டு வந்தது. எங்கே இருக்கிறான் என்று கேட்கக் கூடாது, கேட்கவில்லை. சாப்பாடு, குளிர், சித்தியின் முழங்கால் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னான்:

"அண்ணா, பெரியப்பாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. அந்த ஹவில்தார் எந்தப் பக்கம் பாத்து நிப்பாராம்? கேம்ப்புக்குக் கிழக்கயா, மேலயா?"

மறுநாள் காட்பாடிக்குப் போன் போட்டேன். பெரியப்பாவுக்கு இப்போது எண்பது. காது சரியாகக் கேட்காது. இரண்டு முறை சத்தமாகச் சொன்ன பிறகு புரிந்துகொண்டார். நெடுநேரம் யோசித்தார்.

"ஆறு இடது கைப் பக்கம் ஓடும்" என்றார். "அவரு ஆத்துக்கு முதுகு காட்டித்தான் நிப்பாரு. இல்ல... இரு. நான் எந்தப் பக்கமிருந்து வந்தேன்?"

போனை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அந்தப்பக்கம் பெரியம்மாவிடம் ஒரு காகிதமும் பென்சிலும் கேட்டுக்கொண்டிருந்தார்.